சுமாத்திராவில் மெதுவான நிலநடுக்கம் 32 ஆண்டுகள் நீடித்ததாமே, அது பெரிய நிலநடுக்கத்துக்கு முன்னறிகுறியா? திருகோணமலைக்கு ஆபத்து உண்டா?

முன்னறிகுறி என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொன்னாலும் தவறுதான்.

ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும் இடத்தில், இரண்டும் உரசும் பரப்பின் ஒரு பகுதி இறுகப் பூட்டிக்கொண்டு நிற்கும். அது விடுபடும்போது உடைவு விநாடிக்கு 2–3 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். வழக்கமான நிலநடுக்கம் இதுதான். அதற்குக் கீழே, பல இடங்களில் 30–40 கி.மீ. ஆழத்தில், அமிழும் தட்டிலிருந்து வெளியேறும் நீர் உயர்ந்த அழுத்தத்தில் அடைபட்டுக் கிடப்பதால் பாறைகளின் பிடி தளர்ந்திருக்கும். அங்கே வழுக்கல் தொடங்கினாலும் வேகம் எடுக்காது. நாளுக்குச் சுமார் 10 கி.மீ. பரவி, பெரும்பாலும் சில வாரங்களில் இரண்டு மூன்று சென்டிமீற்றர் நகர்ந்து ஓய்ந்துவிடும். இந்த மெதுவான வழுக்கல்தான் மெதுவான நிலநடுக்கம். மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. ஜி.பி.எஸ். நிலையம் வழக்கத்துக்கு மாறான திசையில் சில மில்லிமீற்றர் நகர்வதைக் கொண்டுதான் கண்டுபிடிக்கிறார்கள். கூடவே நிலநடுக்கமானியில் மெல்லிய, நீண்ட அதிர்வும் பதிவாகும்.

மெதுவானது வேகம் கூடினால் பெரியதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வளரும் முறையே வேறு. வேகமான நிலநடுக்கத்தில் நேரம் இரட்டித்தால் அதன் அளவைக் குறிக்கும் திருப்புதிறன் எட்டு மடங்காகும். மெதுவானதில் ஏறக்குறைய இரண்டு மடங்குதான். இதை 2007இல் இடே, பெரோசா முதலிய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். 6.5 அளவுள்ள வேகமான நிலநடுக்கம் பத்து விநாடி அளவில் முடியும். அதே 6.5 மெதுவாக நடந்தால் வாரக்கணக்காகும்.

ஆனால் மெதுவான வழுக்கல் தன் சுமையைப் பக்கத்துப் பூட்டிய பகுதிமேல் ஏற்றுகிறது. அந்தப் பகுதி ஏற்கெனவே விளிம்பில் இருந்தால் அந்தச் சிறு சுமையே போதும். 2011 ஜப்பானின் தோகோகு நிலநடுக்கத்துக்கும் 2014 சிலியின் இக்கிக்கே நிலநடுக்கத்துக்கும் முன் அருகே மெதுவான வழுக்கல் நடந்தது. மறுபுறம், கனடாவின் வான்கூவர் தீவை ஒட்டிய கஸ்கேடியாவில் ஏறத்தாழ 14 மாதத்துக்கு ஒருமுறை அது நடக்கிறது. அங்கே கடைசிப் பெரு நிலநடுக்கம் வந்தது 1700இல். 2016இல் நியூசிலாந்தில் நேர்மாறாக, கைக்கோரா நிலநடுக்கமே தொலைவில் மெதுவான வழுக்கலைத் தூண்டிவிட்டது.

நீங்கள் கேட்ட 32 ஆண்டு, சுமாத்திராவை ஒட்டிய சிமெலுவே தீவில் 1829 முதல் 1861 வரை மெதுவான வழுக்கல் நீடித்த காலம். அதற்குச் சான்று பவளம். பவளம் மிகத் தாழ்ந்த வற்றில் காற்றுப்பட்டால் மேற்பகுதி இறந்துவிடும்; தீவு தாழ்ந்தால் மீண்டும் மேல்நோக்கி வளரும். அதனால் தீவு எவ்வளவு தாழ்ந்தது, எப்போது தாழ்ந்தது என்பது அதன் வளர்ச்சி வளையங்களில் பதிந்திருக்கிறது. அந்த 32 ஆண்டின் முடிவில், 1861இல், பெரு நிலநடுக்கம் வந்தது. ஆனால் 1840இல் ஒருவர் இதைக் கண்டிருந்தாலும் எந்த நாள் என்று சொல்ல வழியில்லை.

வாரக்கணக்கில் நகரும் வழுக்கல் சுனாமியை எழுப்பாது. கடல்நீர் விலகிப்போக நேரம் தாராளம். எனக்குக் கவலை தருவது நடுவில் உள்ள வகை: உடைவு விநாடிக்கு ஒன்று, ஒன்றரை கி.மீ. மட்டும் ஓடி, குலுக்கல் குறைந்து, அலை மட்டும் பெரிதாக எழுவது. 1992 நிக்கராகுவா, 2006 ஜாவா, 2010 சுமாத்திராவை ஒட்டிய மெந்தாவாய் தீவுகள் எல்லாம் அப்படிப்பட்டவை. அங்கே பலருக்கு ஓடத் தோன்றும் அளவுக்கு நிலம் ஆடவில்லை.

2004 சுமாத்திரா நிலநடுக்கத்தில் உடைவு வடக்கே அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. ஓடியது. நீண்ட நில அதிர்வலைகளில் இருந்த ஆற்றலின் பெரும்பகுதியை முதல் கணிப்பு பிடிக்கவில்லை. பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதலில் சொன்ன அளவு 8.0, பின்னர் உறுதியானது 9.1. இப்போது W அலைமுறை என்ற கணிப்பு முறை அந்த நீண்ட அலைகளையே பயன்படுத்தி அரைமணி நேரத்துக்குள் சரியான அளவைத் தருகிறது. 2004இல் அன்று காலை 6.58க்கு நிலநடுக்கம் தொடங்கியது, நம் கரைக்கு அலை வர ஏறத்தாழ இரண்டு மணிநேரம் இருந்தது.

ஆகவே நிலாவெளியிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ இருப்பவர்கள், நிலம் ஆடவில்லையே என்று இருந்துவிடக்கூடாது. சுமாத்திரா 1,700 கி.மீ. தள்ளி இருக்கிறது; இங்கே அதிர்வு தெரியாமலே போகலாம். அளவு 7.8 என்று முதல் செய்தி வந்தாலும் அது கூடக்கூடும் என்று எண்ணி அடுத்த அறிவித்தலுக்குக் காத்திருங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தில் கேட்கலாம். கடல் திடீரென உள்வாங்கினால் அழைப்பு, அறிவித்தல் எதுவும் வேண்டாம், உடனே மேட்டுக்கு ஏறுங்கள். முதல் அலை வடிந்ததும் வீடு பார்க்க இறங்காதீர்கள்; பின்னால் வருவது அதைவிடப் பெரியதாக இருக்கலாம்.