பத்தாவது முடித்த மகளைத் தங்கிப் படிக்கும் புகைப்பட முகாமுக்கு அனுப்பலாமா?

கேள்வி: பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த என் மகள், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வாரம் தங்கிப் படிக்கிற கோடைக்காலப் புகைப்பட முகாமுக்குப் போயே ஆக வேண்டும் என்கிறாள். எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே, இதற்குச் செலவழிக்கலாமா? கேமராவும் வாங்கித் தர வேண்டுமா?

பதில்:

அனுப்புங்கள். கேமரா இப்போதைக்கு வேண்டாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் நடத்துகிறவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" அதற்கு வருகிற பதிலை வைத்தே முகாம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். ஏன் என்று சொல்கிறேன்.

பொள்ளாச்சியில் கல்யாணப் படம் எடுப்பது என் பிழைப்பு. கோடையில் முகூர்த்தம் இல்லாத வாரமாகப் பார்த்து இந்த மாதிரி முகாம்களுக்குச் சொல்லித்தரப் போவேன். நீங்கள் சொல்வது சரிதான், யூடியூபில் இல்லாத பாடம் எதுவும் முகாமில் கிடையாது. படத்தின் வெளிச்சத்தை முடிவு செய்கிற ஐஎஸ்ஓ, ஷட்டர், அப்பர்ச்சர் மூன்றையும் அரை மணி வீடியோவில் தெளிவாகவே சொல்லிவிடுகிறார்கள். தங்கிப் படிப்பதில் கிடைப்பது வேறு. ஒன்று வெளிச்சம், இன்னொன்று ராத்திரிக் கூட்டம்.

வெளிச்சத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பகுதி ஏறக்குறைய 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் உச்சிச் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்துவிடும். மே மாதத்திலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அந்த வெயிலில் ஒருவரை நிறுத்திப் படம் எடுத்தால் கண்குழி இரண்டும் கறுத்து, மூக்கின் நிழல் உதட்டின் மேல் விழும். எவ்வளவு விலை கொடுத்த கேமராவாலும் அதைச் சரிசெய்ய முடியாது. விடியலில் ஆறிலிருந்து எட்டு மணி வரை, அப்புறம் வெயில் தாழ்ந்து ஐந்திலிருந்து ஆறரை வரை, இவ்வளவுதான் கோடையில் நமக்கு நல்ல வெளிச்சம். டவுனுக்குள் பத்து மணிக்கு ஆரம்பித்து நான்கு மணிக்கு முடிகிற வகுப்புக்கு இந்த இரண்டுமே வாய்க்காது. முகாம் நடக்கிற தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) தங்கியிருக்கிற பிள்ளை கதவைத் திறந்தால் போதும், வெளிச்சம் வாசலிலேயே நிற்கும்.

நடுப்பகலை வீணாக்காத முகாமாகவும் இருக்க வேண்டும். நான் எல்லா முகாமிலும் விரும்பிச் செய்கிற ஒன்று உண்டு. உச்சி வெயிலில் தென்னந்தோப்புக்குள் போனால் தரை முழுக்க வட்டம் வட்டமாக வெயில் கிடக்கும். ஓலை இடுக்கு எதுவும் வட்டமாக இல்லை, வெயில் மட்டும் ஏன் வட்டமாக விழுகிறது என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. ஒவ்வொரு இடுக்கும் ஒரு ஊசித்துளைக் கேமரா, அதாவது லென்ஸ் இல்லாமல் சின்ன ஓட்டை வழியாகவே படம் விழுகிற கேமரா. தரையில் கிடக்கும் ஒவ்வொரு வட்டமும் சூரியனின் படம். 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், ஈரோடு, கரூர்ப் பக்கமெல்லாம் வளையக் கிரகணம் தெரிந்ததே, அன்றைக்கு மரத்தடி வெயில் முழுக்க வளையல் கொட்டிய மாதிரி கிடந்தது. அதைச் சின்ன வயதில் பார்த்த பிள்ளைகள் சிலருக்குச் சட்டென்று நினைவு வந்துவிடும்.

அப்படியே அவர்களைக் கொப்பரை போட்டு வைக்கிற அறைக்குக் கூட்டிப்போய், ஜன்னலைக் கறுப்புச் சார்ட் ஒட்டி அடைத்து, நடுவில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போடுவோம். எதிரே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டு இருட்டில் உட்கார வேண்டியதுதான். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். முதலில் வெறும் சாம்பல் நிறம், அப்புறம் வானம் கீழேயும் தென்னை மேலேயுமாக வெளியே இருக்கிற களம் முழுக்கத் தலைகீழாக, கலரில் தெரியும். களத்தில் தேங்காய் பொறுக்குகிறவர் வேட்டியின் குறுக்கே தலைகீழாக நடந்து போவார். ஓட்டையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், உருவம் கலங்கும். சிறிதாக்கினால் உருவம் தெளியும், ஆனால் இருட்டிவிடும். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு லென்ஸ் துளையின் அளவைச் சொல்கிற அப்பர்ச்சர் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டிய வேலையே இல்லை. இதற்கு ஆகிற செலவு ஒரு சார்ட் பேப்பர்.

இப்போது ராத்திரிக் கூட்டம். என்னைக் கேட்டால் நீங்கள் கட்டுகிற பணத்தில் பெரும்பகுதி இதற்குத்தான். நாங்கள் வைத்திருக்கிற விதி மூன்றே மூன்று. ஒரு நாளைக்கு 36 படத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. பழைய ஃபிலிம் ரோலில் அவ்வளவுதான் இருந்தது. அதிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுத்து ராத்திரி திரையில் போட வேண்டும். எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது, மற்றவர்கள் பார்த்து முடித்துச் சொன்ன பிறகுதான் அவர் பேசலாம்.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். தரகரும் வியாபாரியும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் அல்லவா, ஒரு முகாமில் செவ்வாய்க்கிழமை போன பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தத் துண்டைத்தான் எடுத்து வந்தார்கள். ராத்திரி திரையில் துண்டுக்குப் பின்னால் துண்டாக வந்துகொண்டே இருந்தது. ஒரு பெண் மட்டும் நாலடி தள்ளி நின்று எடுத்திருந்தாள். துண்டு ஓரத்தில் பாதிதான் தெரிகிறது. மாட்டை விற்க வந்த பெரியவர் தலைக்கயிற்றைப் பிடித்தபடி தரகரின் முகத்தையே பார்க்கிறார். "வெல படியல போலிருக்குதுங்க" என்றான் பின்வரிசையில் ஒரு பையன். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, படம் சொல்லியது. வியாழக்கிழமை மறுபடியும் சந்தைக்குப் போனபோது துண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை, எல்லாரும் ஆள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் வகுப்பெடுத்து இதைச் செய்ய முடியாது. வயதொத்தவர்கள் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துப் பேசி, அடுத்த நாளே போய் எடுத்துப் பார்க்கிற வாய்ப்பு இருந்தால்தான் நடக்கும். ராத்திரி கேம்ப் ஃபயர், டிஜே என்று பதில் வந்தால் அது சுற்றுலா. அதுவும் நல்லதுதான், ஆனால் புகைப்படம் கற்றுக்கொள்ள அனுப்புவதாக நினைத்துப் பணம் கட்டாதீர்கள்.

அதே சந்தையில் ஒரு அம்மா இந்தப் பெண்ணிடம் கேட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது. "எத்தன பேரு புடிச்சுட்டுப் போறாங்க அம்மிணி, ஒருத்தராச்சும் கொண்டாந்து குடுத்திருக்காங்களா?" வியாழக்கிழமை பிரிண்ட் போட்டு எடுத்துப்போய்க் கொடுத்தோம். ஆளிடம் கேட்டு எடுக்கவும், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் பழக்குகிற முகாம்தானா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

கேமரா விஷயம். போன் போதும். முகாமிலேயே ஒன்றிரண்டு கேமரா வைத்திருப்பார்கள், மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். ஆறு மாதம் கழித்தும் அவளுக்கு ஆர்வம் குறையவில்லை என்றால் லென்ஸ் மாற்றக்கூடிய பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றும் 50 எம்எம் லென்ஸ் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவ்வளவு அருமையாக எடுத்த மா. கிருஷ்ணன், வேறு வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிய ஒரு கருவியை வைத்துத்தான் காட்டுக்குள் அலைந்தார். அதற்கு "சூப்பர் பாண்டரோசா" என்று பெயர் வேறு வைத்திருந்தார்.

நோட்டீசில் புலி, சிறுத்தை படம் போட்டிருந்தால் அதை நம்பி அனுப்பாதீர்கள். ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை விடுகிற இடத்துக்கு, விடுகிற நேரத்துக்குத்தான் யாரும் போக முடியும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுகிற ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடு நிற்கும், வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு வரும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதுவே நிறைய.

பெண் பிள்ளை என்பதால் இன்னும் சில கேட்டுக்கொள்ளுங்கள். தங்குமிடம் தனியா, ராத்திரி அங்கேயே தங்குகிற பெண் பொறுப்பாளர் யார், அவரிடம் நீங்கள் முன்கூட்டிப் பேச முடியுமா, பிள்ளைகளின் படங்களை இணையத்தில் போடுவதற்கு உங்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குவார்களா. சொல்லித்தருகிறவர் ஒருவருக்கு ஆறேழு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ராத்திரிக் கூட்டம் நடக்காது. ஒரு டார்ச் கொடுத்து அனுப்புங்கள், கோடை மழை பெய்த ராத்திரியில் தோப்புக்குள் பூச்சிபொட்டு நடமாட்டம் இருக்கும்.

தேதி தேர்ந்தெடுக்க முடியுமானால் மே முதல் பாதிக்குள் முடிகிற அணியில் சேர்த்துவிடுங்கள். மாதக் கடைசிக்குப் போகப் போகப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் மேகமும் ஏற ஆரம்பித்துவிடும், விடியல் வெளிச்சம் பாதி நாள் கிடைக்காது.