டிஜிட்டல் ரூபாயில் தனியுரிமையும் கண்காணிப்பும் சேர்ந்து இருக்க முடியுமா? மறைக்க எதுவும் இல்லாதவர் ஏன் கவலைப்பட வேண்டும்?

கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை எழுத வைத்தது. கேட்டவர் மாதச் சம்பளக்காரராக இருப்பார் என்று நினைக்கிறேன். ஒரே இடத்திலிருந்து பணம் வரும், எங்கே போகிறது என்பதும் தெரியும். அவருக்கு இந்தக் கவலை வர நியாயமில்லை.

எனக்கும் மறைக்க எதுவும் இல்லை. ஈரோடு பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி பதிவு உண்டு, பில் போடாமல் ஓர் அட்டை மாத்திரை கூட வெளியே போகாது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், ஒரு வியாபாரி தனியுரிமை என்று வாய் திறந்தாலே வரி ஏய்க்க வழி தேடுகிறான் என்று கமெண்ட் போட நாலு பேர் வந்துவிடுவார்கள். என் வருமானத்தை அரசு தாராளமாகப் பார்க்கட்டும். என் பேச்சு அதைப் பற்றியது இல்லை.

போன வருடம் எனக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக் திரும்பி வந்தது. கணக்கில் பணம் இருந்தது. கிளைக்கு ஓடினால், "உங்க கணக்கு ஃப்ரீஸ் ஆயிருக்குங்க. வேற மாநில சைபர் கிரைம்ல இருந்து வந்திருக்கு, எங்க கையில ஒண்ணும் இல்லீங்க" என்றார் மேனேஜர். கேட்டுக் கேட்டுத்தான் விவரம் வந்தது. எங்கேயோ ஒருவர் மோசடியில் பணத்தை இழந்திருக்கிறார். அந்தப் பணம் நாலைந்து கணக்கு தாண்டி, என் கடைக்கு வந்த யாரோ ஒருவரின் கணக்குக்குப் போயிருக்கிறது. அவர் சர்க்கரை டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்கி அறுநூற்றுச் சொச்சம் ரூபாயை யுபிஐயில் கட்டியிருக்கிறார். அந்த அறுநூறுக்காகக் கடையின் மொத்த இருப்பும் முடங்கியது. பெண்ணின் காலேஜ் ஃபீஸும் அதே கணக்கில்தான் இருந்தது. செக் திரும்பியதற்கு வங்கி என்னிடமே அபராதமும் பிடித்தது. அந்தத் தொகைக்கான பில்லைக் காட்டினேன், அதைப் பார்க்க யாருக்கும் அதிகாரம் இல்லையாம். அந்த மாநிலத்துக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பி, தெரிந்த வக்கீல் மூலம் கடிதம் எழுதி, கடைசியில்தான் திறந்தார்கள். அதுவரை மச்சானிடம் கைமாற்று வாங்கித்தான் சரக்கு எடுத்தேன்.

இதனால் தடம் பிடிக்கவே கூடாது என்று சொல்கிறேனா? இல்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை, போலீஸ் என்று போனில் நடித்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பணம் பறித்தார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே கூப்பிட்டதால் ஒரு பகுதியாவது நின்றது. தடம் இல்லாவிட்டால் அதுவும் போயிருக்கும். பணத்தின் தடத்தைப் பின்தொடர்வது வேறு, அந்தத் தடத்தில் நின்ற எல்லோரையும் கட்டிப்போடுவது வேறு. கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் இப்படிப்பட்ட வழக்குகளில், புகாரில் உள்ள தொகையை மட்டும் நிறுத்தினால் போதும் என்றது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024-ல், எவ்வளவு தொகை, எத்தனை காலம் என்று சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்கச் சொல்ல முடியாது என்று கூறியது.

இதெல்லாம் யுபிஐ கதை, கேட்டது டிஜிட்டல் ரூபாய் என்பீர்கள். சரிதான். யுபிஐ என்பது வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்குப் போகும் பணம். டிஜிட்டல் ரூபாய், ரிசர்வ் வங்கியே நேரடியாக வெளியிடும் நோட்டு மாதிரி. பொதுமக்களுக்கான சோதனை 2022 டிசம்பர் 1-ல் தொடங்கியது. அதற்கு முன் அக்டோபரில் வெளியிட்ட கருத்துருவில், சிறு தொகைக்கு அடையாளம் வேண்டாம், பெரிய தொகைக்குத் தடம் இருக்கட்டும் என்ற யோசனையை ரிசர்வ் வங்கியே முன்வைத்தது. எனக்கு அது முழுக்கச் சம்மதம். ஆனால் சிறு தொகை என்றால் எவ்வளவு? டிஜிட்டல் நோட்டுக்கு இடம் கொடுக்க 2022-ல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள், அந்தத் திருத்தத்தில் இப்படி ஒரு வரம்பு இல்லை. சீனாவின் டிஜிட்டல் யுவானில் இதே யோசனையைப் படிப்படியாக வைத்திருக்கிறார்கள். வெறும் செல்போன் எண்ணில் திறக்கும் வாலட்டில் ஒரு தடவைக்கு 2,000 யுவான் வரைதான் கட்ட முடியும், மேலே போக அடையாள ஆவணம் வேண்டும். அந்தச் செல்போன் எண்ணும் அங்கே உண்மைப் பெயரில்தான் வாங்க வேண்டும் என்பதால், அதை அநாமதேயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இதற்கு என் கவுன்டரிலேயே ஒரு வழக்கம் இருக்கிறது. பாராசிட்டமால் வாங்க வருபவரிடம் நான் பெயர் கேட்பதில்லை. ஆனால் ஷெட்யூல் ஹெச்1 மருந்துகள், அதாவது சில வீரியமான ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, பழக்கமாகிவிடக்கூடிய மாத்திரைகள் கொடுத்தால், டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனி ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். அந்த ரிஜிஸ்டர் மூன்று வருடம் என் கடையில்தான் இருக்கும். டிரக் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்க்கலாம். எல்லோருடைய இருமல் மருந்தையும் ஒரே இடத்தில் குவித்து வைப்பதில்லை. ஆபத்துள்ளதற்கு மட்டும் பதிவு, அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு, பார்க்க வருபவர் யார் என்பதும் தெரியும். பணத்துக்கும் இதைத்தான் கேட்கிறேன்.



வாங்குபவர் பக்கமும் பாருங்கள். சின்ன ஊர் இது. கர்ப்பம் பார்க்கும் கிட் வாங்கும் பெண் யுபிஐயில் கட்டினால் அவள் பெயர் என் போனில் வந்து நிற்கிறது. மனநல மாத்திரை வாங்குபவர் பெயரும் அப்படித்தான். ரொக்கம் கொடுத்த காலத்தில் அவர்கள் எனக்கு வெறும் முகம். இப்போது என் போனைக் கையில் எடுக்கும் கடைப் பையனுக்கும் எல்லாம் தெரியும். அதனால்தான் இன்றும் சிலர் ஸ்கேன் செய்யாமல் நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார்கள். அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

கட்டுபவர் பெயரை மறைத்து டிஜிட்டல் பணம் கொடுப்பது தொழில்நுட்பத்தில் முடியாது என்பவர்களுக்கு: டேவிட் சௌம் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1980-களின் தொடக்கத்திலேயே வழி சொல்லிவிட்டார். கார்பன் தாள் வைத்து ஒட்டிய உறையின் மேல் கையெழுத்திட்டால் உள்ளே இருக்கும் தாளிலும் பதியும் அல்லவா, அதுபோல வங்கி டிஜிட்டல் நாணயத்தின் எண்ணைப் பார்க்காமலே அது செல்லும் என்று கையொப்பமிடும். அவருடைய டிஜிகேஷ் நிறுவனம் 1998-ல் திவாலானது, ஆனால் அந்தக் கணிதம் செத்துப்போகவில்லை. குனூ டேலர் என்ற திறந்த மூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) பணம் கட்டும் திட்டம் அதன் மேல்தான் நிற்கிறது. அதில் கட்டுபவர் யார் என்று கடைக்கும் தெரியாது, வங்கிக்கும் தெரியாது. கடைக்கு எவ்வளவு வந்தது என்பது மட்டும் வரித்துறைக்குத் தெரியும்படி இருக்கும். வியாபாரியான நானே சொல்கிறேன், இந்த ஏற்பாடு எனக்குச் சம்மதம்.

உங்கள் கணக்கும் என்னுடையது போல முடங்கியிருந்தால், வங்கியிடம் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்தக் காவல் நிலையம், பிரச்சினைக்குரிய தொகை எவ்வளவு. அந்தத் தொகையை மட்டும் எடுக்க முடியாதபடி நிறுத்தி (வங்கியில் இதை லியன் என்பார்கள்) வைத்துவிட்டு மீதியை விடுவிக்கும்படி, மேலே சொன்ன தீர்ப்புகளைக் காட்டி வங்கிக்கும் அந்தக் காவல் நிலையத்துக்கும் மனு கொடுங்கள். பில் நகலையும் இணையுங்கள்.