ஓரியோல்ஸ் ட்ரேட், ப்ராஸ்பெக்ட், சர்வீஸ் டைம்: நீங்க கேளுங்க, நான் சொல்றேன்

மொதல்லயே சொல்லிடுறேன். இந்த வின்டர்ல (2025 சீசன் முடிஞ்ச பின்னாடி) பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் டீம் பண்ணதப் பத்தியும் சின்னப் பசங்கள (ப்ராஸ்பெக்ட், அதாவது நாளைக்கு பெருசா வருவாங்கன்னு நம்பற பசங்கள) எப்படி வெச்சு ஆடுறாங்கங்கறதப் பத்தியும் மட்டும்தான் பேசப்போறேன். ஃபேன்டஸி டீம், பெட்டிங், டிக்கெட் விலை இதெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க. ட்ரேட் சிமுலேட்டர்ல நாலு பேர தட்டிவிட்டு பச்சை லைட் எரிஞ்சிச்சுன்னு கொண்டு வராதீங்க, ப்ளீஸ். இன்னொண்ணு, ட்ரேட்ல கை மாறுறது ஆளு இல்ல, அந்த ஆளு மேல டீமுக்கு இன்னும் எத்தன வருஷம் உரிமை (இதத்தான் கன்ட்ரோல்னு சொல்வோம்) இருக்குதுங்கறதுதான். இத மனசுல வெச்சுக்கிட்டா பாதிக் கேள்வி கேக்கவே வேணாம்.

ஆரஞ்சு தொப்பி: அண்ணா, நம்ம பிச்சர் (பால் போடுறவரு) கிரேசன் ராட்ரிகெஸ ஏஞ்சல்ஸ் டீமுக்கு குடுத்துட்டு ஹிட்டர் டெய்லர் வார்ட வாங்குனது புரியவே இல்ல. வார்டுக்கு ஒரே ஒரு வருஷம்தானே மிச்சம்?

ஆமா, வார்டு 2026 முடிஞ்சா ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த டீமுக்கு வேணா போகலாம். கிரேசனுக்கு 2029 வரைக்கும் கன்ட்ரோல் இருக்கு. பேப்பர்ல பாத்தா நாலுக்கு ஒண்ணு, கேக்கவே வயிறு எரியுது. ஆனா கிரேசன் 2025 முழுசும் ஒரு பால் கூட மேஜர் லீக்ல போடல. நாலு வருஷ கன்ட்ரோல்னு சொல்றோம், அதுல எத்தன வருஷம் அவரு தோள்பட்டையும் முழங்கையும் ஒழுங்கா இருக்கப் போவுது? வார்டு 2025ல 36 ஹோம் ரன் அடிச்சவரு, தினமும் லெஃப்ட் ஃபீல்டுல நிப்பாரு. 101 மேட்ச் ஜெயிச்ச டீம் ரெண்டே வருஷத்துல 75க்கு எறங்கிடுச்சு, அதனால ட்ரேட் எல்லாம் முடிவு பண்ற நம்ம மைக் எலியாஸுக்கு இப்பவே ஆடுற ஆளு வேணும், அது புரியுது. இருந்தாலும் எனக்கு இந்த ட்ரேட் புடிக்கல. பிச்சர் இல்லாம தவிக்கிற டீம் பிச்சர குடுத்து ஹிட்டர வாங்குனா அந்தப் பிச்சர் ஓட்டைய அடைக்க இன்னொரு ட்ரேட் பண்ணியாகணும். அதத்தான் டிசம்பர்ல ஷேன் பாஸ் ட்ரேட்ல பண்ணாங்க.

பழைய ஆளுங்களுக்கு 1991 ஜனவரி ஞாபகம் இருக்கும். ஹூஸ்டன்ல வருஷா வருஷம் ஹோம் ரன் அடிச்சிட்டிருந்த கிளென் டேவிஸுக்காக கர்ட் ஷில்லிங், பீட் ஹார்னிஷ், ஸ்டீவ் ஃபின்லி மூணு பேரையும் குடுத்தாங்க. டேவிஸ் கழுத்து நரம்புல அடி பட்டு மூணு சீசன்ல மொத்தமா 185 மேட்ச்தான் ஆடுனாரு. ஷில்லிங் பின்னாடி 3,000 ஸ்ட்ரைக்அவுட்ட தாண்டிப் போயிட்டாரு. அடிக்கிற ஆளு அவசரமா வேணும்னு பிச்சர குடுக்கும்போதெல்லாம் கிளென் டேவிஸ நெனச்சுக்கோங்க, அவ்ளோதான் சொல்வேன்.

புது ரசிகன்: சார், நான் கிரிக்கெட் பாத்து வளந்தவன். ஜடேஜாவ ராஜஸ்தானுக்கு குடுத்து சாம்சன சென்னை வாங்குன மாதிரிதானா இதுவும்?

வெளிய பாக்க அப்படித்தான் இருக்கும், ஆனா ஒரு பெரிய வித்தியாசம். அங்க ப்ளேயர் சம்மதிச்சாத்தான் ட்ரேட் நடக்கும். இங்க ப்ளேயர யாரும் கேக்க மாட்டாங்க, காலையில போன் வரும், சாயங்காலம் வேற ஊருல இருக்கணும். கான்ட்ராக்ட்லயே நோ ட்ரேட்னு எழுதி வாங்கியிருந்தா தப்பிக்கலாம், இல்லன்னா மொத்தம் பத்து வருஷ சர்வீஸும் அதுல கடைசி அஞ்சு ஒரே டீம்லயும் இருந்தா முடியாதுன்னு சொல்லலாம். சின்னப் பசங்களுக்கு ரெண்டும் கெடையாது.

பிட்ஸ்பர்க் பக்கத்து வீடு: நம்ம மேயோவையும் இன்னும் ரெண்டு ப்ராஸ்பெக்டையும் குடுத்து பிட்ஸ்பர்க் பிச்சர் பால் ஸ்கீன்ஸ வாங்க முடியுமா ப்ரோ?

முடியாது. ஸ்கீன்ஸ் 2024 மே 11ல தான் மொத மேட்ச் ஆடுனாரு, ஆனா புது ஆளுங்கள்ல சிறந்தவருக்கு குடுக்கற ரூக்கி ஆஃப் த இயர் அவார்டு ஜெயிச்சதால முழு வருஷ சர்வீஸ் (கணக்கு கீழ வருது) குடுத்துட்டாங்க. அப்படியும் 2029 வரைக்கும் பிட்ஸ்பர்க்கோட ஆளு. 2025ல சிறந்த பிச்சருக்கான சை யங் அவார்டு வாங்குன, சம்பளம் இன்னும் ஏறாத ஒரு பையன ஏன் விப்பாங்க?

நார்ஃபோக் நைட்: சர்வீஸ் டைம்னு எல்லாரும் சொல்றீங்க, அத ஒரு தடவ தெளிவா சொல்லுங்களேன் அண்ணே.

சீசன் ஏறக்குறைய 187 நாள். அதுல 172 நாள் மேஜர் லீக்ல இருந்தா ஒரு வருஷம்னு கணக்கு. ஆறு வருஷம் சேந்தா ஃப்ரீ ஏஜென்ட். இதுல இருக்கற ஓட்டை என்னன்னா, ஏப்ரல்ல ரெண்டு மூணு வாரம் கீழ இருக்கற மைனர் லீக்ல ஒக்கார வெச்சா அந்த வருஷம் முழு வருஷமா ஆகாது, டீமுக்கு ஏழாவது வருஷம் சும்மா கிடைக்கும். சிகாகோ கப்ஸ் டீம் 2015ல கிரிஸ் பிரையன்ட இப்படித்தான் ஏப்ரல் 17 வரைக்கும் நிறுத்தி வெச்சாங்க, அவருக்கு வந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் கம்மி! கேஸ் போட்டாரு, 2020ல தோத்தாரு.

சியாட்டில்ல இன்னும் கூத்து. அந்த டீமோட தலைவர் கெவின் மேதர் 2021ல ஒரு ரோட்டரி கிளப் மீட்டிங்ல சின்னப் பசங்கள வேணும்னேதான் மேல கொண்டு வரலங்கற மாதிரி வாய் விட்டுட்டாரு, வீடியோ வெளிய வந்துச்சு, வேலை போச்சு. அந்தப் பேச்சுல அடிபட்ட கெலனிக் மே மாசம் மேல வந்து வரிசையா 39 தடவ அடிக்க முடியாம திணறி திரும்ப கீழ போனாரு, அது தனிக்கதை. ப்ராஸ்பெக்ட் லிஸ்ட்ல மேல இருக்கான்னு ஒருத்தன தலைல தூக்கி வெச்சு ஆடாதீங்கன்னு நான் கத்துறது இதுக்குத்தான்.

2022ல லீக்கும் ப்ளேயர் யூனியனும் போட்ட ஒப்பந்தத்துல ரூல் மாத்துனாங்க. ரூக்கி ஓட்டுல மொத ரெண்டு எடம் வந்தா எப்ப மேல வந்திருந்தாலும் முழு வருஷம். நம்ம கேட்சர் அட்லி ரட்ச்மன் 2022 மே 21ல தான் வந்தாரு, வசந்தத்துல கையில காயம் வேற, ஆனா ரெண்டாவது எடம் புடிச்சதால முழு வருஷம் கிடைச்சிடுச்சு. அதான் 2028க்குப் பதிலா 2027லயே ஃப்ரீ ஏஜென்ட் ஆவாரு. இன்னொரு பக்கம் டீமுக்கும் ஒரு லஞ்சம் வெச்சாங்க: பேரெடுத்த ப்ராஸ்பெக்ட மொத நாள்லேர்ந்து ஆட விட்டு அவன் ரூக்கி அவார்டு ஜெயிச்சா எக்ஸ்ட்ரா டிராஃப்ட் பிக் (புதுப் பசங்கள தேர்ந்தெடுக்கற வாய்ப்பு). கன்னர் ஹென்டர்சன் 2023ல ஜெயிச்சப்ப நமக்கு அப்படி ஒண்ணு வந்துச்சு.

எல்லிகாட் மாமா: கைல் ஸ்டவர்ஸ மயாமிக்கு குடுத்தது இந்த எலியாஸ் பண்ணதுலயே மோசமான ட்ரேட். ஒத்துக்கறீங்களா இல்லையா?

ஒத்துக்கல மாமா. 2024 ஜூலைல ஸ்டவர்ஸ், கானர் நார்பி ரெண்டு பேர குடுத்து பிச்சர் ட்ரெவர் ராஜர்ஸ வாங்குனாங்க. ராஜர்ஸ் வந்ததும் நாலு மேட்ச், ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு குடுக்கற ரன், கம்மியா இருந்தாத்தான் நல்லது) 7.11, நம்ம மைனர் லீக் டீமான நார்ஃபோக்குக்கு அனுப்பிட்டாங்க. அன்னிக்கு எல்லாரும் எலியாஸ கிழிச்சாங்க. இதுல யாரும் பேசாத விஷயம், ஸ்டவர்ஸும் அந்த வருஷம் மயாமில போயி சராசரி 0.186தான் அடிச்சாரு. 2025ல என்ன ஆச்சு? ராஜர்ஸ் மே கடைசியில வந்து 18 மேட்ச்ல ஈஆர்ஏ 1.81. பொழைக்கத் தெரியாத ரொட்டேஷன்ல (மேட்ச ஆரம்பிக்கிற பிச்சருங்க வரிசை) அந்த ஒருத்தர்தான் நின்னாரு.

எல்லிகாட் மாமா: ஸ்டவர்ஸ் ஆல் ஸ்டார்யா! 25 ஹோம் ரன்!

ஆமா, ஆல் ஸ்டார்தான், இல்லன்னு யாரு சொன்னா. ஆகஸ்ட்ல விலாப் பக்கம் தசை புடிச்சு ஒக்காராம இருந்திருந்தா இன்னும் அடிச்சிருப்பாரு. ஆனா இங்க இருந்திருந்தா எங்க ஆடியிருப்பாரு? மூணு சீசன் மேலயும் கீழயும் இழுத்தடிச்சாங்க, தொடர்ந்து ஒரு மாசம் ஆட விட்டதே இல்ல.

ஆரஞ்சு தொப்பி: அதான் மாமா சொல்றாரு. ஆட விடாம வெச்சிருந்ததே தப்புதானே, ட்ரேட் தப்பா வளர்ப்பு தப்பா?

இது நல்ல கேள்வி. வளர்ப்புதான் தப்பு. 26 வயசு ஆளுக்கு நார்ஃபோக்ல கத்துக்க ஒண்ணும் மிச்சமில்ல, அவனுக்கு மேல 400 தடவ பேட் புடிக்க விடணும், அவன் தோத்தாலும் விடணும். ஜெயிக்கிற டீமுக்கு அந்தப் பொறுமை இருக்காது, தோக்குற மயாமிக்கு இருந்துச்சு. பிச்சர் ஜேக் அரியட்டா கதையும் இதே. இங்க ஈஆர்ஏ 5.46, வருஷா வருஷம் மேல கீழ. 2013ல அவரையும் பெட்ரோ ஸ்ட்ராப்பையும் கப்ஸுக்கு குடுத்து ஸ்காட் ஃபெல்ட்மன வாங்குனாங்க. ஃபெல்ட்மன் அந்த சீசன் முடிஞ்சதும் கெளம்பிட்டாரு, அரியட்டா 2015ல சை யங். அதுதான் மோசமான ட்ரேட், ராஜர்ஸ் ட்ரேட் அதுக்குப் பக்கத்துலயே வராது.

எல்லிகாட் மாமா: ராஜர்ஸ் 2026 முடிஞ்சா போயிடுவாரு, ஸ்டவர்ஸ் அங்க இன்னும் ஆடிட்டே இருப்பாரு. உங்க வருஷக் கணக்குப்படியே நீங்க தோத்துட்டீங்க.

மாமா மடக்கிட்டாருன்னு நெனைக்கிறாரு. வருஷத்த எண்ணணும்தான், ஆனா அந்த வருஷத்துல டீம் எங்க நிக்கிதுன்னும் பாக்கணும். 2024ல 91 மேட்ச் ஜெயிச்ச டீமுக்கு ஒரு லெஃப்டி பிச்சரோட ரெண்டரை வருஷம், அவுட்ஃபீல்டுல எடமே இல்லாத ஒருத்தரோட அஞ்சு வருஷத்த விட பெருசு. 2026ல ராஜர்ஸ் ப்ளேஆஃப்ல ஒரு மேட்ச் ஜெயிச்சுக் குடுத்தா நீங்களே கைதட்டுவீங்க, தட்டலன்னா அடுத்த வின்டர்ல வந்து திட்டுங்க. இத இத்தோட விடுவோம், பின்னாடி நெறய பேரு நிக்கிறாங்க.

டவுசன் வாசி: ஸ்கீன்ஸ்க்கு நம்ம ஜாக்சன் ஹாலிடேய குடுத்தா?

மாட்டாங்க. மேல பதில் இருக்கு.

லாரல் பாட்டி பேரன்: டாம்பா பிச்சர் ஷேன் பாஸுக்கு இவ்ளோ ப்ராஸ்பெக்ட குடுத்தது நியாயமா? 2025 ஜூலைல டிராஃப்ட் பண்ண பசங்கள அதுக்குள்ள வித்துட்டாங்களே, அது ரூல்படி சரியா?

ரூல் சரிதான். முன்னாடி டிராஃப்ட் பண்ணி ஒரு வருஷம் ஆகணும். ட்ரே டர்னர ட்ரேட் பண்ணிட்டு அந்த ரூலால பழைய டீம்லயே மாசக்கணக்கா வெச்சிருந்தது அசிங்கமா போச்சு, 2015ல மாத்துனாங்க, இப்ப வேர்ல்ட் சீரிஸ் முடிஞ்சா போதும். குடுத்ததுல ஸ்லேட்டர் டி ப்ரூன், கேடன் போடீன் ரெண்டு பேருமே 2025 டிராஃப்ட். இதுல ஒரு வேடிக்க பாருங்க. 2024 பிப்ரவரில ஜோயி ஓர்டீஸ், டிஎல் ஹால், ஒரு டிராஃப்ட் பிக் குடுத்து பிச்சர் கார்பின் பர்ன்ஸ வாங்குனாங்க, அவரு ஒரே வருஷம் ஆடிட்டு அரிசோனா போயிட்டாரு. அவரும் இன்னொரு ஃப்ரீ ஏஜென்ட் சான்டான்டரும் போனதுக்கு இழப்பீடா வந்த ரெண்டு பிக்ல ஒண்ணுலதான் போடீன எடுத்தாங்க. அந்த போடீன் இப்ப பாஸா திரும்பி வந்திருக்காரு. பாஸே 2018ல ஆர்ச்சர் ட்ரேட்ல பிட்ஸ்பர்க்லேர்ந்து டாம்பாவுக்கு, பேர பின்னாடி சொல்றோம்னு சொல்லிட்டு போன மூணாவது ஆளு.

குடுத்தது அதிகம்தான். ஆனா 2028 வரைக்கும் கன்ட்ரோல், முழங்கை ஆபரேஷனுக்கு அப்புறம் முழு சீசன் ஆடிக் காட்டிட்டாரு, குடுத்தவங்கள்ல ஒருத்தர் கூட மேஜர் லீக்க பாத்ததில்ல. பிச்சர வாங்கியிருக்காங்க, பாத்தீங்கல்ல, கிளென் டேவிஸுக்கு உல்டா. எனக்கு ஓகே.

புது ரசிகன்: சார், இந்தியாவுலேர்ந்து யாராச்சும் இருக்காங்களா?

பிட்ஸ்பர்க் 2008ல ரிங்கு சிங், தினேஷ் படேல்னு ரெண்டு பேர எடுத்துச்சு, மைனர் லீக்கோட நின்னுடுச்சு. இப்ப டெக்சஸ்ல குமார் ராக்கர் இருக்காரு, அம்மா வழி இந்தியா. இதுக்கு மேல வேற எடத்துல கேளுங்க.

கேம்டன் கேட் 7: கன்னருக்கு ஏன் இன்னும் லாங் கான்ட்ராக்ட் போடல? பீட் அலோன்சோவுக்கு அஞ்சு வருஷம் 155 மில்லியன் தூக்கிக் குடுக்கறாங்க!

போராஸ். ஒரே வார்த்த. கன்னரோட ஏஜென்ட் அவருதான், அவரோட ஆளுங்க பெரும்பாலும் மார்க்கெட்டுக்கு போயிட்டுத்தான் கையெழுத்து போடுவாங்க. ஹாலிடேவும் அவர்கிட்டதான். கன்னர் 2028 வரைக்கும் இருக்காரு, கேட்டுட்டே இருப்பாங்க.

சில்வர் ஸ்ப்ரிங் சின்னவன்: ஸ்கீன்ஸ் பத்தி ஒரு சின்ன டவுட்...

அடுத்து.

நார்ஃபோக் நைட்: ப்ராஸ்பெக்ட் பீவர்ஸையும் பசாயோவையும் 2025 ஆகஸ்ட் நடுவுல கொண்டு வந்தாங்களே, ஏன் ஜூலைல இல்ல? டீம் அப்பவே முடிஞ்சு போச்சே.

காலண்டர எடுத்து எண்ணுங்க. அடுத்த வருஷமும் ரூக்கிங்கற (புது ஆளுங்கற) தகுதி போகாம இருக்க 45 நாளுக்குள்ள, 130 அட் பேட்டுக்குள்ள (பேட் புடிக்கற கணக்கு) இருக்கணும். பீவர்ஸ் ஆகஸ்ட் 16, பசாயோ மறுநாள். சீசன் செப்டம்பர் 28ல முடிஞ்சுது. பீவர்ஸுக்கு 44 நாள். தற்செயல்னு நெனைக்கறவங்க நெனச்சுக்கலாம். 2026ல ரெண்டு பேரும் ரூக்கிதான், மொத நாள்லேர்ந்து ஆடி ஒருத்தர் அவார்டு ஜெயிச்சா டிராஃப்ட் பிக். இந்தக் கணக்க நான் குத்தம் சொல்ல மாட்டேன், ஏன்னா பையனுக்கு ஆறு வாரம் பெரிய பிச்சிங்க பாக்க கிடைச்சுது. ஹாலிடேவுக்கு அது கிடைக்கல. 2024 ஏப்ரல்ல 20 வயசுல நேரா தூக்கிப் போட்டாங்க, 34 அட் பேட்ல 2 ஹிட்தான், பத்தே மேட்ச்ல திரும்ப அனுப்புனாங்க. ஜூலை 31ல திரும்பி வந்து கிராண்ட் ஸ்லாம் (மூணு பேஸ்லயும் ஆளு நிக்கும்போது ஹோம் ரன்) அடிச்சாருன்னு எல்லாரும் சொல்லுவீங்க, தெரியும்.

டவுசன் வாசி: பசாயோவுக்கு எட்டு வருஷம் 67 மில்லியன் குடுத்தாச்சு, அவரும் கேட்சர். அப்ப ரட்ச்மன இப்பவே வித்துடலாம்ல?

இப்ப வித்தா யாரு நல்ல விலை குடுப்பா? 2025ல 90 மேட்ச், சராசரி 0.220, ரெண்டு பக்கமும் விலா காயம். ரெண்டு வருஷம்தான் மிச்சம். வாங்குறவன் அத சொல்லியே பாதி விலைக்கு அடிப்பான். பசாயோ 21 வயசுல வாரத்துக்கு ஆறு நாள் கேட்ச் பண்ண முடியாது, டிஎச் (பேட் மட்டும் புடிக்கற ஆளு), ஃபர்ஸ்ட் பேஸ்னு மாத்தி மாத்தி ஆடுவாரு, ஃபர்ஸ்ட் பேஸ்ல இப்ப அலோன்சோ வேற. அதனால ரெண்டு பேரும் வேணும். ஜூன் வரைக்கும் அட்லி அடிக்கறாரான்னு பாருங்க, அடிச்சா டீமும் மேல இருக்கும், அப்ப விக்கவே தோணாது. அடிக்கலன்னா ஜூலைல ஒரு கேட்சர் காயம் பட்ட டீம் எங்கயாவது இருக்கும், எப்பவும் இருக்கும்.