பாட்டுக்கு எந்த ஹார்ட் டிஸ்க் பொருந்தும்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், கும்பகோணத்தில் வசிக்கிறேன். என்னிடம் ஏறக்குறைய 600 சி.டி.க்களும், சபாக்களிலும் கோயில் திருவிழாக்களிலும் நானே பதிவு செய்த 90 நிமிடக் கேசட்டுகள் 400உம் இருக்கின்றன. சி.டி.க்கள் எல்லாவற்றையும், கேசட்டுகளில் பாதியையும் கணினிக்கு மாற்றிவிட்டேன். 2014இல் வாங்கிய, இரண்டு டிஸ்க் போடக்கூடிய நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் இணைந்து கோப்புகளைச் சேமித்துத் தரும் பெட்டி) அவற்றை வைத்து வீடு முழுவதும் கேட்கிறேன். உள்ளே இருப்பவை 1 டெராபைட் டிஸ்க்குகள். ஒன்றில் இருப்பதே மற்றொன்றிலும் பதிவாகும். இப்போது இடம் தீர்ந்துவிட்டது. ஒரு டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தமும் போடுகிறது. கடைக்காரர் கண்காணிப்புக் கேமராவுக்கான 8 டெராபைட் டிஸ்க்கை மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். துபாயில் இருக்கும் மகன் யூ.எஸ்.பி. டிஸ்க் ஒன்று வாங்கி வருகிறான். அதைப் பிரித்து உள்ளே போடலாமா? என் பெட்டிக்கு எதுதான் பொருந்தும்?

பதில்: முதலில் அந்தச் சத்தத்தைக் கவனியுங்கள். ‘டக் டக்’ என்று சீராகக் கேட்டால், டிஸ்க்கின் படிக்கும் முனை தன் இடத்தைப் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பெரும்பாலும் பொருள். இரண்டிலும் ஒரே பதிவு இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வெப்பத்தில் ஒரே அளவு ஓடியவை. ஒன்று தளரும்போது மற்றொன்றும் அதே வயதில்தான் நிற்கிறது. தவறுதலாக ஒரு கச்சேரியை அழித்தீர்கள் என்றால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். சி.டி.க்களை மறுபடியும் மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் பதிவு செய்த கேசட்டுகள் உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. ஆகவே புது டிஸ்க் வாங்கும் வரை காத்திராமல், கேசட் பதிவுகளை மட்டுமாவது இன்றே கணினிக்கோ கையில் இருக்கும் ஏதாவது ஒரு டிஸ்க்குக்கோ நகல் எடுத்துவிடுங்கள்.

இனி அளவுக்கு வருவோம். ஒரு மணி நேர சி.டி. சுருக்காத வடிவில் சுமார் 635 மெகாபைட். கேசட்டை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் மாற்றியிருந்தால் 90 நிமிடத்துக்கு 3.1 கிகாபைட் ஆகும். 600 சி.டி.யும் 200 கேசட்டும் சேர்ந்து 1 டெராபைட்டை நிரப்பியிருப்பதைப் பார்த்தால், நீங்கள் எல்லாவற்றையும் சுருக்காத வேவ் கோப்பாகவே வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அவற்றை ஃபிளாக் வடிவுக்கு மாற்றுங்கள். தரத்தில் இம்மியும் குறையாது, சி.டி.க்களின் அளவு ஏறக்குறைய பாதியாகும். கேசட்டுகள் அவ்வளவு சுருங்கமாட்டா, ஏனென்றால் நாடாவின் இரைச்சல் சுருக்கத்துக்கு எளிதில் இணங்காது. அப்படிப் பார்த்தாலும் மீதி 200 கேசட்டையும் சேர்த்து உங்கள் முழுச் சேமிப்பும் ஒன்றேகால் டெராபைட்டுக்குள் அடங்கிவிடும். 4 டெராபைட் டிஸ்க் உங்களுக்குத் தாராளம். 8 டெராபைட் கடைக்காரருடைய தேவை, உங்களுடையது அன்று.

வேகத்தைப் பற்றிக் கடையில் யாராவது பேசினால் கேட்டுக்கொள்ள வேண்டாம். நீங்கள் வைத்திருப்பதிலேயே கனமான கோப்பு ஒலிக்க ஒரு நொடிக்குச் சுமார் 0.6 மெகாபைட் போதும். சாதாரண டிஸ்க்கே நொடிக்கு 150 மெகாபைட் தரும். நிமிடத்துக்கு 5400 சுழற்சி உள்ளதே போதும். 7200 சுழற்சி டிஸ்க் கூடுதல் சூடும் கூடுதல் சத்தமும்தான் தரும். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. வாங்கினால் சத்தமே இருக்காது. செலவு செய்ய மனமிருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

உண்மையில் பார்க்க வேண்டியது வேறொன்று. இன்றைய டிஸ்க்குகளில் இரண்டு வகை உண்டு. சி.எம்.ஆர். வகையில் பதிவுத் தடங்கள் பக்கம் பக்கமாகத் தனித்தனியே இருக்கும். எஸ்.எம்.ஆர். வகையில், ஓட்டு வீட்டுக் கூரையைப் போல, ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் ஓரளவு ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஓர் ஓடு மாற்ற வேண்டுமானால் அதன்மேல் படிந்திருப்பவற்றையும் எடுத்துத்தான் திரும்ப வைக்க வேண்டும். பாட்டுக் கேட்பதற்கு இந்த வேறுபாடு ஒன்றும் செய்யாது. ஆனால் உங்களுடையதைப் போன்ற இரட்டைப் பெட்டியில் புது டிஸ்க்கைப் போட்டதும், பழையதில் இருப்பதை எல்லாம் ஒரே மூச்சில் அதற்கு எழுத வேண்டும். அப்போது எஸ்.எம்.ஆர். டிஸ்க் திணறிவிடலாம். பெட்டி அதைக் கெட்டுப்போன டிஸ்க் என்று எண்ணித் தள்ளிவிடுவதும் உண்டு. நாஸ் பெட்டிக்கு சி.எம்.ஆர்.தான் வாங்க வேண்டும்.

இதை அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்டால் என்ன குடி முழுகிவிடும்? பிஸ்கட் பொட்டலத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதுகிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் டிஸ்க்கில் எழுதுவதில்லை. 2020 ஏப்ரலில் டிஸ்க் தயாரிக்கும் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் விவகாரம் வெளியே வந்தது. நாஸ் பெட்டிக்கென்றே விற்ற ‘ரெட்’ வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்களில், சொல்லாமல் கொள்ளாமல் எஸ்.எம்.ஆர். வைத்திருந்தார்கள். வாங்கியவர்கள் கொதித்த பிறகுதான் எது எந்த வகை என்ற பட்டியல் வெளியானது. விவகாரம் வழக்கு வரை போனது. அதன்பின் சி.எம்.ஆர். டிஸ்க்குகளை ‘ரெட் பிளஸ்’ என்று பிரித்தார்கள். இன்றும் வெறும் ‘ரெட்’ என்று மட்டும் போட்டு, மாடல் எண் இ.எஃப்.ஏ.எக்ஸ் என்று முடியும் 4 டெராபைட் டிஸ்க்கை நீட்டினால் வாங்காதீர்கள். மற்றொரு தயாரிப்பு நிறுவனமான சீகேட்டில் ‘அயர்ன்வுல்ஃப்’ வரிசை சி.எம்.ஆர்.; மேசைக் கணினிக்கான ‘பாரகூடா’ 4 டெராபைட் எஸ்.எம்.ஆர். பெயர் ஒன்றாக ஒலித்தாலும் முழு மாடல் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போய், அதுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கேமரா டிஸ்க்கைப் பற்றி: அது உங்கள் பெட்டியில் வேலை செய்யும். ‘பிழைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், பாட்டில் ஓட்டை விழும்’ என்று பயமுறுத்துகிறவர்கள் பாதிதான் தெரிந்தவர்கள். கேமராவின் பதிவுக் கருவி அதற்கென்று உள்ள தனிக் கட்டளைகளை அனுப்பினால்தான் அந்த டிஸ்க் அப்படி நடந்துகொள்ளும். நாஸ் பெட்டி அந்தக் கட்டளைகளை அனுப்புவதில்லை. ஆகவே என் சந்தேகம் டிஸ்க்கின் மேல் இல்லை, அந்த மலிவு விலையின் மேல்தான். தெருவுக்குத் தெரு கேமரா மாட்டியிருக்கிறோம்; மாற்றும்போது கழற்றிய டிஸ்க்குகள் எங்கே போகின்றன என்று நினைக்கிறீர்கள்? துடைத்து, ஓடிய மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கி, வெள்ளிநிறப் பையில் போட்டுச் சூடாக ஒட்டினால் புதுச் சரக்குதான். அந்தப் பையை ஒட்டும் கருவி பலகாரக் கடையிலும் இருக்கிறது.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2025 ஜனவரியில் ஜெர்மனியில், புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் பல ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை என்று தெரியவந்தது. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைப்பதும் வழக்கமாகப் பார்ப்பதுமான ஸ்மார்ட் பதிவில் மணிக்கணக்கைத் துடைத்திருந்தார்கள். ஆனால் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் ஃபார்ம் என்ற வேறொரு பதிவேட்டைத் தொடவில்லை, அது காட்டிக்கொடுத்தது. சியா என்ற டிஜிட்டல் நாணயத்தை உருவாக்கப் பயன்படுத்திக் கழித்த டிஸ்க்குகள் அவை என்று செய்திகள் கூறின. தாங்கள் அவற்றை விற்கவில்லை என்று சீகேட் சொன்னது. சில்லறைக் கடைக்காரர்களிலும் பலர் தெரியாமல் வாங்கி விற்றவர்களே. நடுவில் கைமாற்றியவர்கள் யார் என்பதுதான் பெரும்பாலும் வெளியே வருவதில்லை.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் கடையில் நின்றபடியே டிஸ்க்கின் வரிசை எண்ணை உங்கள் கைப்பேசியில், தயாரிப்பு நிறுவனத்தின் வாரன்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் தன் கணினியில் காட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நாஸ் டிஸ்க்குக்கு மூன்று ஆண்டு வாரன்டி ஏறக்குறைய முழுசாக மிச்சம் இருக்க வேண்டும். ‘விற்றவரை அணுகவும்’ என்று வந்தால், அது ஏதோ ஒரு கணினி நிறுவனத்துக்கு மொத்தமாகப் போன சரக்கு. பிற்பாடு கெட்டால் உங்களுக்கு யாரும் பொறுப்பில்லை. ‘கடை வாரன்டி நான் தருகிறேன் சார்’ என்பதெல்லாம் அந்தக் கடை இருக்கிற வரைதான். திருகு போடும் துளைகளில் கீறல் இருக்கிறதா, இணைப்பு முனையின் தங்கப் பட்டைகளில் செருகிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். வரிசை எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்கிற இடத்தில் டிஸ்க் வாங்காதீர்கள்.

மகன் கொண்டு வரும் யூ.எஸ்.பி. டிஸ்க்கைப் பிரிக்க வேண்டாம். கைக்கு அடக்கமான, தனி மின் இணைப்பு இல்லாத சிறிய வகை என்றால், அவற்றில் பலவற்றில் யூ.எஸ்.பி. முனை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பெட்டியில் செருகுவதற்கான சாட்டா இணைப்பு என்று ஒன்றே உள்ளே இருக்காது. உடைத்த பிறகு உங்கள் பெட்டியில் செருக ஒன்றும் இல்லாமல், வாரன்டியும் போய்க் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது ஒருவர் ‘நான் பிரித்துப் போட்டேன், ஓடுகிறதே’ என்று உங்களைக் குழப்புவார். தனி மின் அடாப்டரோடு வரும் பெரிய வகைக்குள் வழக்கமான மூன்றரை அங்குல டிஸ்க் இருக்கும். அதைக் கழற்றிச் செருகலாம். ஆனால் சில சமயம் செருகினால் அசையாது. செத்த டிஸ்க் என்று நினைப்பீர்கள். காரணம் மின் இணைப்பில் இருக்கிறது. சாட்டா மின் முனையில் 15 பட்டைகள். முதல் மூன்றும் பழைய விதிப்படி 3.3 வோல்ட் வரும் இடங்கள். புதிய விதியில் மூன்றாவது பட்டைக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள்: அதில் மின்சாரம் வந்தால் ‘அணைந்திரு’ என்று பொருள். பழைய மின் வழங்கி வழக்கம்போல 3.3 வோல்ட் அனுப்ப, புதிய டிஸ்க் சொன்னபடி அணைந்தே கிடக்கும். மேசைக் கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். அந்தப் பட்டையின் மேல் வெப்பம் தாங்கும் மெல்லிய டேப்பை ஒட்டிச் சமாளிப்பார்கள். பல நாஸ் பெட்டிகள் அந்தப் பட்டையில் 3.3 வோல்ட் அனுப்புவதே இல்லை, அவற்றில் ஓடிவிடும். உங்கள் பெட்டி எந்த வகை என்று செருகிப் பார்த்தால்தான் தெரியும். அதற்குள் உறையை உடைத்திருப்பீர்கள். ஒரு விதியை மாற்றும்போது பழைய பட்டைக்கே எதிர்ப்பொருள் கொடுத்த புத்திசாலிகளை என்ன சொல்வது!

அதோடு, வெளிநாட்டில் வாங்கிய டிஸ்க்கின் வாரன்டி பல சமயம் அந்தப் பிராந்தியத்தோடு நின்றுவிடும். மகன் கொண்டு வருவதை உறை பிரிக்காமல் அப்படியே உங்கள் மூன்றாவது நகலாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை செருகி நகல் எடுத்துவிட்டுக் கழற்றி வேறு அலமாரியில் வையுங்கள். யூ.எஸ்.பி. டிஸ்க்குகள் பலவற்றில் கோப்புகளை அடுக்கப் பயன்படும் எக்ஸ்ஃபேட் முறை பழைய நாஸ் பெட்டிகள் பலவற்றுக்குத் தெரியாது. பெட்டி அந்த டிஸ்க்கைப் படிக்கவில்லை என்றால் கணினி வழியாக நகல் எடுத்தால் போதும்.

எந்தெந்த டிஸ்க் பொருந்தும் என்று உங்கள் பெட்டியைத் தயாரித்த நிறுவனம் தரும் பொருத்தப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். 2014இல் வந்த பெட்டிக்கான பட்டியலை எப்போதோ புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். இன்று கடையில் கிடைக்கும் மாடல் அதில் இல்லை என்பதற்காகப் பொருந்தாது என்று ஆகாது. எவ்வளவு டெராபைட் வரை ஏற்கும் என்பதை மட்டும் அதில் பார்த்துக்கொண்டால் போதும். 4 டெராபைட் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்தப் பட்டியல்களில் வாங்குபவர் நலனுக்காக எழுதியது எவ்வளவு, தன் சரக்கை விற்க எழுதியது எவ்வளவு என்பது எனக்கு எப்போதும் சந்தேகம். நாஸ் பெட்டி தயாரிக்கும் சினாலஜி நிறுவனம் 2025இல் தன் புதிய ‘பிளஸ்’ பெட்டிகளில் பட்டியலில் இல்லாத டிஸ்க்குகளுக்குத் தடை போட்டது. எதிர்ப்பு வலுத்ததும் அதே ஆண்டு அக்டோபரில் மென்பொருளை மாற்றித் தடையைத் தளர்த்தியது. அந்த ஆறு மாதத்துக்கு முன்னும் பின்னும் டிஸ்க் என்னவோ அதே டிஸ்க்தான்.

இசைக்கென்றே தனியாகத் தேர்ந்தெடுத்த டிஸ்க், ‘ஒலி விரிகிறது’ என்று இரண்டு மடங்கு விலை சொல்பவர்களும் வருவார்கள். ஃபிளாக் கோப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் அதன் ஒலித் தரவுக்கான சரிபார்ப்பு எண் ஒன்று பதிந்திருக்கிறது. எந்த டிஸ்க்கிலிருந்து படித்தாலும் அந்த எண் ஒத்துப்போனால் ஒலித் தரவில் ஒரு பிட்டும் மாறவில்லை என்று பொருள். அதற்கு மேல் அவர்களோடு வாதாட வேண்டாம்.

மாற்றும்போது சத்தம் போடும் டிஸ்க்கை முதலில் எடுங்கள். எது என்று காதால் தீர்மானிக்காதீர்கள். பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் பிழை காட்டும் டிஸ்க்கின் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, கழற்றியதில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல டிஸ்க்கை உருவிவிட்டு அழுதவர்கள் உண்டு. புதியதைச் செருகி, நகல் முழுவதும் முடிந்தது என்று பெட்டி சொன்ன பிறகே இரண்டாவதை மாற்ற வேண்டும். அதற்கு ஒரு பகலோ ஓர் இரவோ ஆகலாம், இடையில் மின்சாரம் போகாதபடி யூ.பி.எஸ்.ஸில் வையுங்கள். இரண்டையும் மாற்றிய பிறகும் 1 டெராபைட் என்றே காட்டினால் பயப்பட வேண்டாம், நிர்வாகப் பக்கத்தில் கொள்ளளவை விரிவாக்கும் கட்டளை இருக்கும். பெட்டியைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்திருந்தால் வெளியே எடுத்துக் காற்றோட்டமாக வையுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் அடைத்து வைத்தால் எந்தப் புது டிஸ்க்கும் சீக்கிரம் கிழடாகும்.

பழைய டிஸ்க்குகளை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுங்கள், விலையில் குறைத்துக்கொள்கிறேன் என்று கடையில் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். நன்றாக இருப்பதைப் புதிய டிஸ்க்குகள் சரியாக ஓடுகின்றன என்று உறுதியாகும் வரை அழிக்காமல் வைத்திருங்கள். சத்தம் போட்டதை நகல் சரிபார்த்த பிறகு துளை போட்டு மின்கழிவுக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அது வேறொருவருக்கு வெள்ளிநிறப் பையில் போய்ச் சேரும்.