அயோடின் உப்பைச் சமைத்தால் அயோடின் போய்விடுமா? கல்லுப்பை வீட்டில் எப்படி வைத்துப் பயன்படுத்துவது?

கொதிக்கிற குழம்பில் போட்டால் அயோடின் ஆவியாகிவிடும், அப்புறம் எதற்குக் கூடுதல் காசு என்று ஊரில் சொல்வதாகவும், வீட்டில் கல்லுப்புதான் புழங்குகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அடுப்பில் போவது கொஞ்சம்தான். நம் நாட்டில் உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட் என்ற அயோடின் சேர்மம். அயோடைடு என்ற இன்னொரு சேர்மத்தைவிட இது சூட்டையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். உப்பு ஆலையிலிருந்து வீடு வருவதற்குள் 20 சதவீதம், சமையலில் இன்னொரு 20 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொண்டுதான் உலக சுகாதார நிறுவனமே அளவைக் கணக்கிட்டது. இங்கே சட்டப்படி கடையில் விற்கும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். 15 உள்ள உப்பை நாளுக்கு 10 கிராம் சேர்த்தால் 150 மைக்ரோகிராம் வரும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது அதுதான். சமையல் சேதாரம் போக 120தான் நிற்கும். கர்ப்பிணிக்குத் தேவை 250. கடையிலும் ஜாடியிலும் இன்னும் குறைந்தால் ஈடுகட்ட இடமில்லை. குறைகிறது என்று உப்பை அள்ளிப் போடவும் முடியாது, ரத்தக்கொதிப்பு வந்து நிற்கும்.

உண்மையான எதிரி ஈரம். கல்லுப்பின் மேல் அயோடேட் கரைசலைத் தெளிப்பார்கள். அது கல்லின் மேல்பரப்பில்தான் படிந்திருக்கும். கிலோவுக்குச் சேர்வதே சுமார் 50 மில்லிகிராம் அயோடேட். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு நீர்விடும்போது முதலில் கரைவது அந்தப் படலம். மளிகைக் கடை வாசலில் ராத்திரிகூட உள்ளே எடுக்காமல் கிடக்கிற சாக்கு மூட்டையைப் பாருங்கள். அடியில் ஈரம் சொட்டி, தரையில் வெள்ளையாகக் காய்ந்திருக்கும். மேலே இருக்கும் உப்பிலிருந்து இறங்கிய அயோடினில் ஒரு பங்கு அங்கேதான் கிடக்கிறது. அந்த மூட்டையில் அளந்து வாங்கும் உப்பு, முதலில் அயோடின் சேர்த்ததாகவே இருந்தாலும், நம்பக்கூடியதல்ல.

அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006 மே முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது. ஆனால் மாட்டுக்கு, கருவாட்டுக்கு, தென்னைக்கு என்று வரும் உப்பு அடுப்படிக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. 2018-19 ஆய்வில் போதிய அயோடின் உள்ள உப்பைப் புழங்கிய வீடுகள் இந்திய அளவில் 76.3 சதவீதம், தூத்துக்குடியும் வேதாரண்யமும் இருக்கிற தமிழ்நாட்டில் 61.9.

ஆகவே கல்லுப்பே வேண்டுமென்றாலும் பாக்கெட்டில் வாங்குங்கள். சிரிக்கும் சூரியன் முத்திரை, தயாரித்த தேதி இரண்டையும் பாருங்கள். நாலு பேர் வீட்டுக்கு ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு மாதம் வரும். மலிவு என்று ஐந்து கிலோ வாங்கிப் போடாதீர்கள். மண் சட்டி ஈரத்தை உறிஞ்சும், வெளிப்பக்கம் உப்புப் பூக்கும். மூடியுள்ள பீங்கான் ஜாடியோ பிளாஸ்டிக் டப்பாவோ நல்லது. அடுப்பு மேடையில் ஆவி படும் இடம் வேண்டாம். ஈரக்கையை விடாமல் மரக்கரண்டி போட்டு வையுங்கள்.

மண்ணாக இருக்கிறதென்று கல்லுப்பைக் கழுவும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கழுவிய தண்ணீரோடு அயோடேட்டும் போய்விடும். அதற்குப் பதில் ஒரு பங்கு உப்பை நாலு பங்கு தண்ணீரில் முழுக்கக் கரைத்து, மண் அடியில் தங்கியதும் தெளிவை இறுத்துப் புழங்குங்கள். அயோடின் தண்ணீரிலேயே இருக்கும். இதே காரணத்தால், மரவள்ளிக்கிழங்கை உப்புப் போட்டு வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் அயோடினும் போகும். வடித்த பிறகு உப்பைத் தூவுங்கள். மரவள்ளி தைராய்டுக்கு அயோடின் சேர்வதைத் தடுக்கும் கிழங்கு, அதில் இது இன்னும் முக்கியம்.

சோதிக்க, நறுக்கிய உருளைக்கிழங்கின் மேல் உப்பைத் தூவி, ஒரு நிமிடம் விட்டு, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நீலம் தெரிந்தால் அயோடின் உண்டு. சாற்றைப் பிழிந்து ஊற்றினால் அதிலுள்ள வைட்டமின் சி வந்த நீலத்தையே அழித்துவிடும். இதில் அளவு தெரியாது. அளவுக்கு, சுகாதாரப் பணியாளர்கள் வைத்திருக்கும் சொட்டுக் குப்பி வேண்டும்: நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேலா கீழா என்று ஏறக்குறையத் தெரியும். நிறமே வராவிட்டால் உடனே 'இல்லை' என்று எழுதிவிடக் கூடாது. காரத்தன்மையுள்ள உப்பில் நிறம் வராது. புதிதாக எடுத்த உப்பில் மறுசோதனைக் குப்பியின் சொட்டை முதலில் விட்டு, அதன் மேல் சோதனைச் சொட்டை விட்டுப் பார்க்க வேண்டும். குப்பியின் காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும்.

கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்கிறதே என்பார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் இருப்பதே சுமார் 60 மைக்ரோகிராம். அது முழுக்க உப்பில் தங்கினாலும் கிலோவுக்கு 2 மில்லிகிராம்கூட வராது. இந்துப்பும் அப்படித்தான், அயோடின் சேர்த்தது என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலன்றி அதை நம்பி முழுசாக மாற வேண்டாம், முக்கியமாகக் கர்ப்பிணியும் குழந்தையும் இருக்கும் வீட்டில். தைராய்டு குறைவுக்கு மாத்திரை போடுபவர்கள் வழக்கமான சமையல் அளவில் இதே உப்பைச் சாப்பிடலாம். கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு முன் மட்டும் மருத்துவர் நிறுத்தச் சொல்வார், அப்போது நிறுத்தினால் போதும்.