விலை குறைந்த வாட்டர்ப்ரூஃப் கேஸை நம்பி கேமராவைக் கடலுக்குள் இறக்கலாமா?

இறக்கலாம். ஆனால் ‘கேஸ்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கிறார்கள். ஒன்று, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை. அதில் 5 மீட்டர், 10 மீட்டர் என்று என்ன போட்டிருந்தாலும், மேலாக மிதந்தபடி ஸ்நார்க்கலிங் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பயம் கசிவு மட்டுமல்ல. ஆழம் கூடக்கூட உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். 10 மீட்டரில் பாதியாகிவிடும். பை கேமராவோடு ஒட்டி, பட்டன்களைத் தானே அமுக்கும், லென்ஸை நீளவிடாது.

இன்னொன்று, பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த பெட்டி, அதாவது ஹவுசிங். சோனி ஏ6000 கேமராவும் 16-50 எம்எம் லென்ஸும் வைத்திருப்பவர்களுக்கு மெய்கான், சீஃப்ராக்ஸ் பெயர்களில் 40 மீட்டர் வரை தாங்கும் பெட்டி கிடைக்கிறது. பெரும்பாலும் குறிப்பிட்ட மாடலுக்கு அளவெடுத்துச் செய்வது என்பதால் கேமராவை மாற்றினால் பெட்டி வீணாகலாம். அதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பெட்டியில் தண்ணீர் புகுந்தால் பெரும்பாலும் குற்றவாளி, மூடியின் விளிம்பில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் மேல் கிடக்கும் ஒரு முடியோ, மணலோ, துண்டிலிருந்து வந்த நூலோதான். ரிங்கை விரலால் ஒரு பக்கம் தள்ளி வளைத்து எடுங்கள். ஊசி, பின் கூடாது. பள்ளத்தை நூல் விடாத துணியால் துடைத்து, பெட்டியோடு வந்த கிரீஸை ஓர் அரிசி அளவு எடுத்து, ரிங் முழுக்கப் பளபளப்பு தெரியும்வரை தடவினால் போதும். கிரீஸ் தண்ணீரைத் தடுக்காது, ரிங் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார உதவும், அவ்வளவுதான். அப்பித் தடவினால் மணலைத்தான் பிடித்து வைக்கும். வாசலின் வேண்டாம், சிலவகை ரப்பரை ஊதவைத்துவிடும்.

கேமராவை வைக்கும் முன் டிஷ்யூ பேப்பர் மட்டும் உள்ளே போட்டுப் பூட்டி, கல் கட்டி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்துங்கள். தண்ணீருக்குள்ளேயே எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பாருங்கள். வாளியில் தேறினால் போதுமா என்று கேட்பீர்கள். ஓ-ரிங் கசிவு பெரும்பாலும் முதல் ஓரிரு மீட்டரிலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் ஆழத்தில் அழுத்தமே மூடியை இறுக்கிவிடும். ஆனால் பெட்டியில் விரிசல் இருந்தால் அது ஆழத்தில்தான் தெரியும். அதனால் முதல் டைவிலும் காலிப் பெட்டியையே கொண்டுபோங்கள்.

கடற்கரைக் காற்றில் வைத்து மூடினால் உள்ளே பனி படியும். ஏசி அறையில் மூடி, ஈரத்தை உறிஞ்சும் 2 சிலிகா ஜெல் பொட்டலங்களை ரிங்கில் படாமல் சொருகுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றி, பேட்டரி முழு சார்ஜ், காலி கார்டு எல்லாம் அங்கேயே முடித்துவிடுங்கள். படகில் திறக்க வேண்டியிராது.

மலிவுப் பெட்டியின் உண்மையான குறை படத்தில்தான் தெரியும். முன்கண்ணாடி தட்டையாக இருந்தால் ஒளிவிலகலால் லென்ஸின் கோணம் சுருங்கி, 16 எம்எம் தண்ணீருக்குள் ஏறத்தாழ 21 எம்எம் போல நடந்துகொள்ளும். பின்னால் நகர்ந்து சரிசெய்யலாம் என்று தோன்றும்; கூடாது. இடையில் தண்ணீர் கூடினால் படம் மங்கும். 5 மீட்டருக்குள்ளேயே சிவப்பு பெரும்பகுதி போய்விடும், எனவே பிறகு கணினியில் நிறத்தைத் திருத்த வசதியான ரா ஃபைலில் எடுங்கள், பொருளுக்கு ஒரு மீட்டருக்குள் போங்கள். கேமராவோடு வரும் ஃபிளாஷை அணைத்தே வையுங்கள். லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும் வெளிச்சம் மிதக்கும் துகள்களில் பட்டு, படம் முழுக்க மாவு தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி விழும்.

உள்ளே துளி தெரிந்தால் முன்கண்ணாடி கீழே பார்க்கும்படி பிடித்து மெதுவாக மேலே வாருங்கள். தண்ணீர் அங்கே தேங்கும், கேமராவைத் தொட நேரமாகும். கரையில் பேட்டரியைக் கழற்றுங்கள். ‘வேலை செய்கிறதா’ என்று ஆன் செய்து பார்க்கும் ஆசைதான் பல கேமராக்களைக் கொன்றது. எல்லாம் சரியாக முடிந்தால், பெட்டியைப் பூட்டியபடியே நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பட்டன்களை அமுக்கி உப்பை வெளியேற்றி, நன்றாகத் துடைத்த பிறகே திறங்கள்.