துருவ ஒளியை ஆராய விரும்பும் மகளும் நிர்வாக ஒதுக்கீட்டு இடமும்

ப்ளஸ் டூ முடித்த மகள் துருவப் பகுதி வானில் தோன்றும் துருவ ஒளியின் பிளாஸ்மாவை (அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த மின்னேற்ற வாயுவை) ரேடார் கொண்டு ஆராய விரும்புவதாகவும், தாய்மாமன் முதலானோர் நிலத்தை அடகு வைத்தாவது நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியலில் சேர்க்கச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. உறவினர்களின் யோசனை நியாயமானதல்ல. விருப்பமில்லாத படிப்புக்கு வாங்கும் கடனை அடைக்கப்போவது அவர்கள் அல்லர். மற்றப் பொறியியல் பிரிவுகளையும் மருத்துவத்தையும் பற்றி அவர்களே போதுமான அளவு பேசியிருப்பார்கள் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

உங்கள் மகள் சொல்வது வெறும் கனவுப் பேச்சு அல்ல. துருவ ஒளி தோன்றும் வானில், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் அயனிகள் காற்று மூலக்கூறுகளோடு மோதித் தேங்கிவிட, எலக்ட்ரான்கள் மட்டும் மின்புலமும் புவியின் காந்தப்புலமும் சேர்ந்து செலுத்தும் திசையில் விரைகின்றன. இவ்விரண்டின் வேக வேறுபாடு நொடிக்குச் சுமார் 400 மீட்டரைத் தாண்டும்போது பிளாஸ்மா கொந்தளிக்கத் தொடங்குகிறது. 1963இல் இயற்பியலாளர்கள் ஃபார்லியும் பூனமனும் தனித்தனியே விளக்கிய இந்த நிலையின்மையில் எழும் சிறு அலைகள் கண்ணுக்குத் தெரியாதவை, ரேடாருக்குத் தெரிபவை. கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகம் நடத்தும் ஐஸ்பியர் ரேடாரின் அலைநீளம் சுமார் 6 மீட்டர். அதில் பாதியான 3 மீட்டர் அலைகளிலிருந்துதான் அதற்கு வலுவான எதிரொலி வருகிறது. நார்வேயின் டிரோம்சோவில் 1981இல் இயங்கத் தொடங்கிய ஐஸ்கேட் ரேடாரோ, வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைவதால் வரும் மிக மெல்லிய எதிரொலியிலிருந்தே பிளாஸ்மாவின் அடர்த்தியையும் வெப்பநிலையையும் கணக்கிடுகிறது. இதே நிலையின்மை திருநெல்வேலிக்கு மேலே வானில் ஓடும் நிலநடுக்கோட்டு மின்னோட்டத்திலும் எழுவதால், அதைக் கற்க முதலிலேயே விமானம் ஏற வேண்டியதில்லை: இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் திருநெல்வேலியிலேயே இருக்கிறது, திருப்பதியை அடுத்த கடங்கியில் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் இருக்கிறது.

அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், பிறகு ஐ.ஐ.டி. போன்றவற்றில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி., கூடவே பைத்தான் நிரல்மொழியும் சமிக்ஞைப் பகுப்பாய்வும். அதுவரை கடன் வேண்டவே வேண்டாம். நார்வே 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் கட்டணம் வசூலிக்கிறது; ஆகவே முதுகலைக்காக அங்கே அனுப்பச் சொல்லும் எந்த முகவரையும் நம்பாதீர்கள். அங்கே முனைவர் பட்ட ஆய்வு சம்பளம் தரும் வேலை, போவதானால் அப்போது போகட்டும். அத்தகைய இடங்கள் மிகக் குறைவு, போட்டி உலகளாவியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. கிடைக்காமற்போனாலும் ரேடார் சமிக்ஞைகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு வானிலைத் துறையிலும் பாதுகாப்பு ஆய்விலும் பயன் உண்டு.

ஒன்றை மட்டும் இப்போதே சோதித்தாக வேண்டும். மகளை ஈர்ப்பது பச்சை ஒளியின் புகைப்படமா, அல்லது இரைச்சலுக்குள் புதைந்த ரேடார் எதிரொலியின் நிறமாலையா? ஐஸ்கேட்டின் தரவுகள் மேல் வளிமண்டலத் தரவுகளைச் சேர்த்து வைக்கும் மாட்ரிகல் இணையதளத்தில் பொதுவில் கிடைக்கின்றன. ஓர் இரவின் தரவை இறக்கி, எலக்ட்ரான் அடர்த்தி நேரத்தோடும் உயரத்தோடும் மாறுவதை அவளே வரைந்து பார்க்கட்டும். அது சலித்துப்போனால் கணினிப் பொறியியலைப் பற்றிப் பேசலாம். அப்போதும் கலந்தாய்வில் கிடைக்கும் இடத்தைப் பற்றி மட்டுமே.